'மக்தூப்'பா, 'அவியல்' ஆல்பமா? ராக் ரசிகர்களின் முடியாத சண்டையும் அதன் பின்னால் இருக்கும் கதையும்

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காஃபி ஹவுஸ். உள்ளே தளம் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், கிட்டத்தட்ட இசைத்தட்டில் ஓடும் கோடு மாதிரி. டெக்னோபார்க்கில் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் பிடிக்க வருகிறவர்கள், நேரம் இருந்தால் இங்கே ஒரு காபி குடிப்பது வழக்கம்.

அப்படி ஒரு மேசையில் ராக் கேட்கும் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. "பிங்க் ஃபிலாய்டுல 'அனிமல்ஸ்'தான் பெஸ்ட்டு." "போடே மக்கா, 'டார்க் சைட்' கேட்டுட்டுதான் பேசுறியா?" பக்கத்தில் இருக்கும் மலையாளி நண்பர், "ரெண்டும் இருக்கட்டும், மதர்ஜேன் கேட்டிருக்கீங்களா?" என்பார். ரயில் போயே விடும்.

சும்மா பொழுதுபோக்குச் சண்டை போலத் தோன்றினாலும், எந்த ஆல்பம் நிலைக்கும், எது மறக்கப்படும் என்பதை ஓரளவு முடிவு செய்வது இந்தப் பேச்சுதான். அதிலும் இந்தியாவின் சொந்த ராக் ஆல்பங்கள் விஷயத்தில் இது முழுக்க உண்மை. சைக்கடெலிக் ராக், ஹெவி ராக் ரசிகர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் ஐந்து கேள்விகளை இங்கே பார்க்கலாம்.

சைக்கடெலிக், ஹெவி: என்ன வித்தியாசம்?

'சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். 1950-களில், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் இந்தச் சொல் பிறந்தது. 'மனதை வெளிப்படுத்துவது' என்று பொருள் தரும்படி கிரேக்கச் சொற்களை ஒட்டி உருவாக்கினார். அப்போது அது எல்.எஸ்.டி போன்ற பொருட்களைக் குறித்தது. இந்தியாவில் அந்தப் பொருட்கள் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. இசையில் அந்தச் சொல் ஒரு ஒலி அமைப்பைக் குறிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. அதை ரசிக்கக் காது மட்டும் போதும்.

அந்த ஒலி எப்படி இருக்கும்? டேப்பைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது, கிடாரை ஃபஸ் பெடல் வழியாகக் கரகரக்க வைப்பது, எதிரொலியை இழுப்பது, ஒரே சுருதியில் நீண்ட நேரம் நிற்பது. 1966 ஆகஸ்ட்டில் பீட்டில்ஸ் வெளியிட்ட 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்' இதற்கு நல்ல உதாரணம். அதில் பின்னணியில் ஒலிப்பது நமக்குப் பழகிய தம்புரா. கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பாட்டு அவ்வளவு அந்நியமாக இருக்காது. அதே ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்த 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழு, ஆல்பத்தின் பெயரிலேயே 'சைக்கடெலிக்' என்ற சொல்லை வைத்தது.

ஹெவி ராக் இதிலிருந்து முளைத்த கிளை. ஃபஸ் கிடாரும் ப்ளூஸும் அப்படியே இருக்க, சத்தமும் எடையும் கூடின. 'ரிஃப்' என்று சொல்லப்படும், திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன கிடார் வரிசைதான் பாட்டின் முதுகெலும்பு ஆனது. எளிதாகச் சொன்னால், சைக்கடெலிக் உங்களை மிதக்க வைக்கப் பார்க்கும். ஹெவி ராக் தரையோடு அழுத்தப் பார்க்கும். 1967-ல் வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' இரண்டையும் ஒரே தட்டில் செய்தது. சண்டைக்கு விதை போட்டதும் அதுதான்.

கேள்வி 1: முதல் ஹெவி மெட்டல் ஆல்பம் எது?

இதில் குறைந்தது நான்கு அணிகள் உண்டு.

முதல் அணி, 1968 ஜனவரியில் வந்த ப்ளூ சியர் குழுவின் 'வின்சபஸ் இரப்டம்' என்கிறது. மூன்றே பேர், காதைக் கிழிக்கும் சத்தம். இரண்டாவது அணி அதே ஆண்டு வந்த அயர்ன் பட்டர்ஃப்ளையின் 'இன் அ கட டா விடா'வைக் காட்டும். அந்தத் தலைப்புப் பாடல் சுமார் 17 நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டது. மூன்றாவது அணிக்கு 1969-ல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பம். நான்காவது, கூட்டமும் குரலும் அதிகம் உள்ள அணி: பிளாக் சப்பாத்.

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் இங்கிலாந்தில் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. பெரும்பகுதியை ஒரே நாளில் ஸ்டூடியோவில் வாசித்து முடித்துவிட்டார்கள். ஆல்பத்தின் பெயர், குழுவின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றே. அந்த முதல் பாட்டின் ரிஃப்பில் இருப்பது மூன்று சுரம்தான். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொன்னால்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே உள்ள தூரத்தை மேற்கத்திய இசையில் 'ட்ரைடோன்' என்பார்கள். அங்கே அது அமைதி கெடுக்கும் ஒலி. நமக்கோ, கல்யாணி ராகத்தில் தினமும் கேட்கும் சுரம். ஒரே இடைவெளி, சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு ஊரில் பயம், இன்னொரு ஊரில் மங்களம்!

சப்பாத்தின் கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிடாரிஸ்ட் டோனி ஐயோமி, இளம் வயதில் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கை வாசிப்பாளரான அவருக்கு, தந்தியை அழுத்த வேண்டிய வலது கையில் அந்தக் காயம். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பின்னர் 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியைக் கீழே இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். இன்று உலகமெங்கும் 'ஹெவி' என்று சொல்லப்படும் ஒலியின் பெரும் பங்கு, விரல் போன ஒரு தொழிலாளி வாசிக்காமல் இருக்க மாட்டேன் என்று நின்றதால் வந்தது.

ஆக, சரியான பதில் எது? 'முதலில் சத்தமாக வாசித்தது யார்' என்றால் ப்ளூ சியருக்கு வாய்ப்பு. 'முதலில் முழு ஆல்பத்தையும் அந்த மனநிலையிலேயே வைத்தது யார்' என்றால் சப்பாத். கேள்வி மாறினால் பதிலும் மாறும். பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி 2: பிங்க் ஃபிலாய்டில் எது உச்சம்?

இது எந்த அலுவலக கேண்டீனிலும் ஓடும் சண்டை. 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' சுமார் 43 நிமிட ஆல்பம். 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இருந்தது. எண்ணிக்கை வாதத்தில் இதை யாராலும் அசைக்க முடியாது.

ஆனால் தீவிர ரசிகர்கள் வேறு வாசல் வழியாக வருவார்கள். 'அசல் சைக்கடெலிக் ஃபிலாய்டு' என்றால் 1967-ன் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' மட்டுமே என்பார்கள். அது சிட் பாரெட் வழிநடத்திய ஆல்பம். மனநலம் குலைந்து 1968-ல் அவர் குழுவை விட்டு விலக நேர்ந்தது. 1975-ன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் நீண்ட பாடல் அவரை நினைத்து எழுதப்பட்டது. அதன் பதிவு நடந்துகொண்டிருந்தபோது பாரெட்டே ஸ்டூடியோவுக்கு வந்தார். தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்திருந்த அவரை நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கு 'விஷ் யூ வேர் ஹியர்' வேறு ஆல்பம் ஆகிவிடும். "பாட்டு நல்லா இருந்தா போதும், கதை எதுக்கு?" என்று கேட்பவரும் உண்டு. இரண்டு தரப்புமே நேர்மையானவைதான். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதலில் சொல்லிவிட்டால் எதிராளிக்கு வாதாட வசதி.

கேள்வி 3: 2008-ல் ஜெயித்தது யார், கொச்சியா திருவனந்தபுரமா?

கேரளத்தில் ராக் பேச்சு சூடாவது இங்கேதான்.

1970-களின் பிற்பகுதியில் கொச்சியில் உருவான 13ஏடி குழு, 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆங்கில ஆல்பத்தை வெளியிட்டது. மேற்கத்திய ஹார்டு ராக்கை அவர்கள் தரத்திலேயே இங்கேயும் வாசிக்க முடியும் என்று காட்டிய தலைமுறை அது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் கேட்டது வேறு கேள்வி: "வாசிக்க முடியும், சரி. அதில் நம்ம ஊர் எங்கே இருக்கு?"

2008-ல் அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன.

கொச்சியின் மதர்ஜேன் 'மக்தூப்' ஆல்பத்தை வெளியிட்டது. அரபு மொழியில் 'எழுதப்பட்டது', அதாவது விதி என்று பொருள். பாடல்கள் ஆங்கிலம், அமைப்பு புராக்ரெசிவ் ராக். ஆனால் பைஜு தர்மஜனின் கிடார் கர்நாடக கமகம் பேசியது. சுரத்தை நேராகத் தொடாமல், பக்கத்திலிருந்து இழுத்து, அசைத்து, வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும் வாசிப்பு. வீணையில் தந்தியை இழுக்கும் வித்தையை டிஸ்டார்ஷன் போட்ட கிடாருக்குக் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு, 2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான அவியல் குழு தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. இங்கே ஒலி மேற்கத்திய ஆல்டர்நேட்டிவ் ராக், மொழி மலையாளம். நாட்டுப்புறச் சாயலும் நையாண்டியும் கலந்த பாடல்கள். அதில் 'ஆடு பாம்பே' என்ற பாடல் ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. தலைப்பைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு ஒருவர் நினைவுக்கு வருவார்: பாம்பாட்டிச் சித்தர். தமிழ் நன்கறிந்த குரு, சித்தர் மரபின் அந்த விளியை மலையாளத்தில் எடுத்தாண்டார். அது நூறு ஆண்டு கழித்து மின் கிடாரோடு மேடை ஏறியது. பாம்பை விளித்துப் பாடிய சித்தர் பாட்டைவிட 'மனதை வெளிப்படுத்தும்' இசை வேறு என்ன இருக்கிறது?

இரண்டு தரப்பின் வாதத்தையும் இப்படிச் சுருக்கலாம். மக்தூப் ரசிகர் சொல்வார்: "மொழி எதுவா இருந்தா என்ன? மண்ணோட இசை விரல்லயே இருக்கு. ஆல்பம் முழுக்க ஒரே மூச்சு." அவியல் ரசிகர் சொல்வார்: "எங்க அம்மாவுக்கும் புரியுற மொழியில ராக் பாடினது இவங்கதான். அதுக்கப்புறம்தான் கதவே திறந்துச்சு."

இரண்டாவது வாதத்துக்குச் சான்று நிறைய. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' திரைப்படத்தில் அவியலின் பாட்டு வந்தது. குழுவின் கிடாரிஸ்ட் ரெக்ஸ் விஜயன் மலையாள சினிமாவின் முக்கிய இசையமைப்பாளர் ஆனார். 2013-ல் உருவான தைக்குடம் பிரிட்ஜ் பட்டிதொட்டி எங்கும் போனது. அதன் கோவிந்த் வசந்தாவை '96' படம் மூலம் தமிழ்நாடும் சொந்தம் கொண்டாடியது. மறுபக்கம், மெட்டல் பக்கமே நின்றவர்களும் உண்டு. திருவனந்தபுரத்தின் கேயாஸ் குழு 'வயலண்ட் ரிடெம்ப்ஷன்' (2013), 'ஆல் அகெய்ன்ஸ்ட் ஆல்' (2017) என்று இரண்டு த்ராஷ் மெட்டல் ஆல்பங்களைத் தந்தது. சினிமா வாய்ப்பு தேடிப் போகும் இசை அல்ல அது.

கேள்வி 4: இந்தியாவில் 70-களில் சைக்கடெலிக் ராக் இருந்ததா?

இருந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டுக்காரர்களின் உதவி தேவைப்பட்டது. இந்தப் பேச்சில் கொஞ்சம் வலிக்கும் இடம் இதுதான்.

1970-களின் தொடக்கத்தில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பரமாக 'சிம்லா பீட்' என்ற பேண்ட் போட்டி நடந்தது. தேர்வான குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளின் பெயரில் இரண்டு தொகுப்புத் தட்டுகளாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் போன்ற கல்லூரி வயதுக் குழுக்கள் அவற்றில் உண்டு. மெட்ராஸ் பையன்கள் ஃபஸ் கிடாரோடு சைக்கடெலிக் வாசித்தார்கள் என்பது இன்று பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

அதே காலத்தில் பெங்களூரில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழு இருந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த மெட்ராஸ்காரர் ரமேஷ் ஷோத்தம், பிறகு தவில் கற்றுக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய் ஜாஸ் உலகில் பெயர் எடுத்தார். பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் 'அப்செஷன் 77' ஆல்பம், அந்தக் குழு கலைந்த பிறகே 1981-ல் வெளியானது. கவனிப்பார் இல்லை. பல வருடம் கழித்து அமெரிக்காவின் நௌ அகெய்ன் நிறுவனம் தேடி எடுத்து மறுபதிப்பு செய்த பிறகுதான் இந்திய ரசிகர்களே அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சிதாரையும் மூக் சிந்தசைசரையும் சேர்த்து 1970-ல் ஆனந்த சங்கர் வெளியிட்ட ஆல்பத்துக்கும் வெளிநாட்டு டிஜேக்கள்தான் இரண்டாம் வாழ்வு கொடுத்தார்கள். இளையராஜாவின் 70-கள், 80-கள் திரையிசையைக்கூட 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் தொகுத்தது இங்கிலாந்து நிறுவனம்.

காரணம் என்ன? தட்டுகள் குறைவாக அச்சிடப்பட்டன, சினிமாவுக்கு வெளியே விற்பனை வழி குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், "அந்த ஆல்பமா இந்த ஆல்பமா" என்று பெயர் சொல்லிச் சண்டை போட ஆள் இல்லை. பேசப்படாத ஆல்பம் கடையில் இருந்து போகும், பிறகு வீட்டில் இருந்து போகும், கடைசியில் நினைவில் இருந்தும் போகும்.

கேள்வி 5: ரெட்ரோ பேண்டுகள் மரியாதை செய்கின்றனவா, காப்பி அடிக்கின்றனவா?

இன்றைய குழுக்கள் 1970 ஒலியைத் திரும்ப வாசித்தால் அது என்ன? மிச்சிகனைச் சேர்ந்த கிரேட்டா வான் ஃப்ளீட் நல்ல உதாரணம். அவர்களின் 'ஃப்ரம் தி ஃபயர்ஸ்' 2019-ல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியது. அடுத்து வந்த 'ஆந்தம் ஆஃப் தி பீஸ்ஃபுல் ஆர்மி'க்கு பிட்ச்ஃபோர்க் இதழ் 10-க்கு 1.6 மதிப்பெண் போட்டது. குற்றச்சாட்டு ஒன்றே: லெட் செப்பலின் காப்பி.

ஆனால் செப்பலினே ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து எடுத்தவர்கள்தான். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985-ல் வழக்குத் தொடுத்தார், சமரசத்துக்குப் பிறகு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆகவே எடுப்பதே தவறு என்று சொல்ல முடியாது. எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் அளவுகோல்.

ஆஸ்திரேலியாவின் டேம் இம்பாலா 2010-ல் 'இன்னர்ஸ்பீக்க'ரில் பழைய சைக்கடெலிக் வாசனையோடு தொடங்கி, 2015-ன் 'கரண்ட்ஸ்'ஸில் சிந்தசைசர் பாப்புக்கே போய்விட்டது. அதே நாட்டின் கிங் கிஸ்ஸர்ட் குழு 2017-ல் மட்டும் ஐந்து ஆல்பங்கள் போட்டது. அதில் ஒன்று, இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கும் நுண்சுரங்களை வாசிக்கத் தனியாகச் செய்த கிடாரை வைத்து உருவானது. பெங்களூரின் பெவர் சீ குழு சப்பாத் வழியில் மெதுவான, கனமான டூம் இசையை 2012-ல் ஆல்பமாகத் தந்தது. பழைய பாதைதான், நடை அவரவருடையது.

நல்ல சண்டைக்கு நான்கு வழிகள்

ஒன்று, அளவுகோலை முதலில் சொல்லுங்கள். 'பெஸ்ட்' என்றால் பிடித்ததா, தாக்கம் அதிகமா, முதலில் வந்ததா?

இரண்டு, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் மோனோ கலவையில்தான் பீட்டில்ஸ் நேரம் செலவிட்டார்கள். ஸ்டீரியோ கலவை பெரும்பாலும் அவர்கள் இல்லாமலே நடந்தது. 2017-ல் புதிய கலவையும் வந்துவிட்டது. நீங்களும் நண்பரும் ஒரே பெயரில் வேறு வேறு ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மூன்று, முழுசாகக் கேளுங்கள். இந்த ஆல்பங்கள் பக்கத்துக்கு 20 நிமிடம் சொச்சம் ஓடும் தட்டுக்காக அடுக்கப்பட்டவை. பாடல் வரிசையே பாதி வேலை. ஷஃபிளில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது, அவியலில் முருங்கைக்காயை மட்டும் தின்றுவிட்டுக் குறை சொல்வது போல.

நான்கு, ஒவ்வொரு சண்டையிலும் ஒரு உள்ளூர் ஆல்பத்தையாவது மேசைக்குக் கொண்டுவாருங்கள். பிங்க் ஃபிலாய்டை நாம் பேசாவிட்டாலும் யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸையும் திருவனந்தபுரத்தின் கேயாஸையும் நாம் பேசாவிட்டால், பேச வேறு ஆள் கிடையாது.

அடுத்த முறை ரயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால், மக்தூப்பையும் அவியலையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு வந்து உட்காருங்கள். தீர்ப்பு வராது. காபி ஆறிவிடும். பரவாயில்லை, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.